தாலாட்டில் புகுந்த ஜாஸ்

லிப்ஸ்டிக்கைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஒரு வாசம் வரும்... எழுபதுகளின் கடைசியில் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்த வாசம்தான்.

மதியம் டில்லி கன்னாட் பிளேஸில் ஒரு ரெஸ்டாரன்டில் ஜாஸ் பாடுவேன். சாயங்காலம் கரோல் பாக்கில் தமிழ் நாடகம். மேக்கப்பைக் கலைப்பது, கவுனுக்கு மேலேயே புடவையைச் சுற்றிக்கொள்வது எல்லாம் ஓடுகிற ஆட்டோவில். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "மேடம், ஆராம் ஸே!" என்பார், மெதுவாக, மெதுவாக என்று.

வார நாட்களில் ஒரு மினிஸ்ட்ரியில் டைப்பிஸ்ட். நடுவில் மண்டி ஹவுஸ் பக்கம் இந்தி நாடகம், ரேடியோ விளம்பரம்... எதைச் செய்தாலும் மனசு அடுத்ததற்குப் பறக்கும்.

அந்த ஞாயிறு மதியம், எங்கள் பேண்ட் லீடர் அல்ஃபி, பம்பாய் ஹோட்டல் ஒன்றில் நிரந்தரமாக வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், நீயும் வருகிறாயா என்று கேட்டார். "ஜல்தி போலோ, செண்பா!" சீக்கிரம் சொல்லு என்று அவசரம்.

நாடகத்துக்கு நேரமாச்சு என்று ஆட்டோ பிடித்தேன்.

நாடகத்தில் எனக்கு அம்மா வேஷம். தொட்டிலில் துணிப் பொம்மை. தாலாட்டுப் பாட வேண்டும். முதல் அடி ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது அடியில்... மதியம் பாடியது உடம்பை விட்டு இறங்கவில்லை போல. தாளம் ஆடியது. வார்த்தைகள் கரைந்து "டூ-பி-டூ" என்று என்னமோ வாயில் வந்தது. தபலாக்காரர் முதலில் திகைத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கூடவே வந்துவிட்டார்!

என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பாடியது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

முன்வரிசையில் சிரிப்பு. பின்னால் விசில். திரை விழுந்ததும் டைரக்டர் நடராஜன் சார் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, பிள்ளையத் தூங்க வைக்கச் சொன்னா எழுப்பி விட்டுட்டியே! என்ன திமிர் உனக்கு! இனிமே இந்தப் பக்கம் வராதே."

எல்லார் முன்னாலும்.

நாடகம் பார்க்க வந்திருந்த அப்பாவும் நானும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அப்பாவின் பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, ஒரு எடத்துல நிக்கவே மாட்டியா நீ?"

"நின்னா மூச்சு முட்டுதுப்பா." அல்ஃபி கேட்டதையும் சொல்லிவிட்டேன்.

மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனை வந்ததும் சொன்னார்:

"பம்பாய்க்கு ஸ்வெட்டர் எடுத்துக்கிடாத. அங்க குளிராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனேன். நிரந்தரம் என்று சொன்ன அந்த ஹோட்டலிலும் நிற்கவில்லை. கல்கத்தாவில் மியூசிகல், கப்பலில் பாட்டு, மறுபடி டில்லியில் நாடகம்... ரெக்கார்ட் போடலாம் என்று ஒரு கம்பெனி என்னைத் தேடியபோது நான் நடுக்கடலில் இருந்தேன். என் பாட்டு எந்த ரெக்கார்டிலும் பதிவாகவில்லை.

போன மாதம் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒரு சின்னப் பெண் கர்நாடக சங்கீத வர்ணத்துக்குள் ஜாஸைக் கொண்டுவந்தாள். ஹாலே எழுந்து நின்று தட்டியது. இப்போது இதற்கு ஃப்யூஷன் என்று பெயராம்... எங்கள் நாளில் நடராஜன் சார் வைத்த பெயர் திமிர்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. பாதியில் வெளியே வந்து, கார் பார்க்கிங்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்... வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு.