எழுபத்திரண்டில் நின்ற எண்

முருகலட்சுமி மதுரையைத் தாண்டி வடக்கே ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் ஓசூருக்கு அப்புறம் எந்த ஊர், தும்கூரில் பைபாஸ் எந்தப் பக்கம் பிரியும், சோலாப்பூர் போகிற வழியில் நம்ம ஊர்ச் சோறு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம், திருச்சுழிக்குக் கிழக்கே இருந்த அந்தக் கரிசல் ஊரில் அவளைக் கேட்டால்தான் தெரியும். மிளகாய்க் காட்டில் பழம் எடுக்கும்போது கூட இருக்கிற பெண்கள் வேண்டுமென்றே வாயைக் கிளறுவார்கள்.

"என்ன முருகு, ஒம் புருசன் இப்ப எந்தச் சீமையில இருக்காக?" என்பாள் பேச்சி.

இவள் இடுப்பில் செருகிய போனை எடுத்து, வெயிலுக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துப் பார்த்து, "சித்ரதுர்கா தாண்டிட்டாக. அம்பத்தெட்டுல போறாக" என்பாள்.

"எங்க வீட்டு ஆளு டீக்கடைக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு. ஒனக்கு கர்நாடகா வரைக்கும் தெரியுது பாரு!" என்று பேச்சி தலையில் அடித்துக்கொள்வாள். காடே சிரிக்கும். முருகலட்சுமிக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லையென்று சொன்னால் அது பொய்.

அவள் புருஷன் வீரபத்திரன் இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டினான். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரியை இங்கிருந்து புனே பக்கம் ஏற்றிக்கொண்டு போவான். திரும்பும்போது சோலாப்பூரில் வெங்காய லோடு. ஒரு நடைக்கு எட்டு ஒன்பது நாள் ஆகும். கரி நிதானமாகப் போனால் போதும், அது ஒன்றும் கெட்டுப்போகாது. வெங்காயம் அப்படியில்லை. தார்ப்பாய்க்குள் வெந்து அழுகிப்போகும், மதுரைச் சந்தைக்கு முந்திப் போகிற வண்டிக்குத்தான் மரியாதை. அதனால் போகும்போது மாடு மாதிரி போகிற டிரைவர்கள் எல்லாம் வரும்போது பேய் பிடித்தவர்கள் மாதிரி வருவார்கள். வண்டிக்கு எண்பதுக்கு மேல் ஓடாதபடி ஒரு கருவி கம்பெனியிலேயே மாட்டித்தான் வரும். அதன் வயரைப் பிடுங்கிவிடுவதுதான் புது வண்டி எடுத்தவன் செய்கிற முதல் சோலி.

லாரி முதலாளி ஜெகதீஸ்வரன் அருப்புக்கோட்டைக்காரர். மூன்று வண்டி வைத்திருந்தார். மூன்றிலும் ஜிபிஎஸ் மாட்டி, அறுபதுதான் வேகம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அறுபதைத் தாண்டினால் போனில் பச்சையாகத் தெரிகிற வண்டி சிவப்பாக மாறும். ஒருநாள் வீட்டுக்கே வந்து அதை முருகலட்சுமியின் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

"நான் போன் போட்டா 'சரி மொதலாளி'ங்குறாரு. அஞ்சு நிமிசத்துல மறுபடி எம்பதுக்கு ஏத்திருறாரு. நீங்களே பாத்துக்கிருங்கக்கா. ஒங்களுக்குத்தான் அவரு பயப்படுவாரு."

வீரபத்திரனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! "என்னடி, சொந்தப் புருசனையே வேவு பாக்குறியா?" என்று குதித்தான். மூன்று நாள் பேசவில்லை. அடுத்த நடையில் கிருஷ்ணகிரி பக்கம், அவனைச் சிரித்துக்கொண்டே முந்திப் போன ஒரு விருதுநகர் வண்டி பத்து கிலோமீட்டர் தள்ளிப் பாலத்துக்குக் கீழே கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் குளிக்காமல் கொள்ளாமல் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு ஏற்பாடு சொன்னான்.

"இந்தா பாரு. அறுவதத் தாண்டுனா ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணிரு. நான் காலை எடுத்துருறேன். ஆனா ஓட்டயில போனைத் தொடமாட்டேன், என்னை எடுக்கச் சொல்லாத. விடாம முழுசா அடிச்சா மட்டும் எடுப்பேன். அப்பிடி அடிச்சா வீட்டுல என்னமோ ஆகிப்போச்சுன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

இரண்டு வருஷம் அந்த ஏற்பாடு பிசகவில்லை. வண்டி சிவப்பாகும், இவள் ஒரு ரிங் விடுவாள், கொஞ்ச நேரத்தில் பச்சையாகும். எழுநூறு மைலுக்கு அப்பால் ஒரு மனுஷன் தன் பேச்சைக் கேட்டுக் காலைத் தூக்குகிறான் என்றால் சும்மாவா? வீட்டில் இருக்கிற நாளில்கூட அவன் அவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. முழு ரிங் அவள் ஒரே ஒரு முறை அடித்தாள், அவளுடைய மாமனார் செத்த அன்றைக்கு. ஹூப்ளி பக்கத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஒரு மணிநேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுததாகப் பிறகு சொன்னான்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. மலை இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டு வண்டியை உருட்டிக்கொண்டே இறங்குவான். டீசல் மிச்சமாகும் என்று எல்லா டிரைவரும் செய்வதுதான். "கியர் இல்லாம பிரேக்க நம்பி எறங்குறீகளே, உங்களுக்குப் பயமே கெடையாதா?" என்று கேட்டால், "இருவத்தாறு வருசமா எறங்குறேன், இன்னைக்கு வந்து நீ சொல்லித் தாரியாக்கும்" என்று சிரிப்பான்.

போன பங்குனியில் நடந்தது இது. மகள் மாரீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் குறித்துக் கொடுத்ததற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. "இந்த நடைய முடிச்சுட்டு வந்து ஒரு மாசம் வீட்டுலதான். பேரப்பிள்ளை வந்து என் மீசையப் புடிச்சு இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றைக்குக் காலை ஓசூர்ப் பக்கம் டீ குடித்த கடையிலிருந்து பேசினான். மகளிடமும் இரண்டு வார்த்தை பேசினான். "வெரசா வந்துருறேன்" என்றான். அந்த 'வெரசா'தான் முருகலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. "பைய வாங்க, ஒன்னும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனாள்.

பத்தரை மணி இருக்கும். பழம் எடுத்து இரண்டு சாக்கு கட்டியாயிற்று. போனை எடுத்துப் பார்த்தாள். தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் மலை இறக்கம் தொடங்குகிற இடத்தில் வண்டி தெரிந்தது. சிவப்பு. எழுபத்திரண்டு.

அந்த இறக்கத்தில் லாரி முப்பதில்தான் போக வேண்டும், வழியெல்லாம் போர்டு வைத்திருக்கிறான் என்று அவனே சொல்லியிருக்கிறான். நியூட்ரலில் விட்டுவிட்டான், வேறென்ன. அவள் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுபத்திரண்டு. இன்னொரு ரிங் விட்டாள். எழுபத்திரண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றாவதும் விட்டாள். பேச்சி நாலு செடி தள்ளி முன்னால் போய்விட்டாள். இவள் வரப்பிலேயே நின்றாள்.

இரண்டு வருஷத்தில் அவன் இப்படிச் செய்ததே இல்லை. பிள்ளை பிறக்கப்போகிற சந்தோஷத்தில் மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தால் ஏற்பாடு எங்கே ஞாபகம் இருக்கும்? நாலாவது தடவை அடித்தவள் கட் பண்ணவில்லை.

எடுத்துவிட்டான்.

"என்னத்தா, வலி வந்திருச்சா? புள்ளைக்கு வலி வந்திருச்சா?"

"வலியும் இல்ல, ஒன்னும் இல்ல. பைய போங்க சாமி, எழுவத்திரண்டு காட்டுது..."

"எழுவத்திரண்டா? நான் எங்கடி..." என்றான். அதோடு சரி. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. "ஏங்க, ஏங்க" என்று போனைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தியதில் பேச்சி சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

திருப்பத்தில் பஞ்சராகி நின்ற கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் வண்டி போய்ச் சொருகியிருந்தது. அரை மணிநேரம் பின்னால் அதே முதலாளியின் இன்னொரு வண்டியில் வந்த டிரைவர் உக்கிரபாண்டிதான் முதலில் இறங்கிப் பார்த்தான். அவன்தான் உடம்போடு ஊருக்கும் வந்தான். உடம்பைச் சுடுகாட்டில் தூக்கிப் போட்டுவிட்டு வந்த மறுநாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து வீரபத்திரனின் போனைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

"மதினி, இது காலுக்கடியில கெடந்துச்சு. அண்ணன் போன் பேசிக்கிட்டு ஓட்டுனாருன்னு பேரு வந்துறக் கூடாதுன்னு எடுத்து வச்சுட்டேன். போலீசுக்கிட்ட பிரேக்கு புடிக்கலன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க. இருவத்தாறு வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேல வண்டிய ஏத்தாத மனுசன், செத்தப்பெறகு அவருக்குக் கெட்ட பேரு வேணாம்."

யார் போட்ட போன் என்று உக்கிரபாண்டி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது. போனை வாங்கி அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

கருமாதிக்கு முதலாளி வந்திருந்தார். பந்தலில் உட்கார்ந்து யாரோ இளவட்டத்துக்கு ஜிபிஎஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் காபி கொண்டுபோனவள் நின்று கேட்டாள்.

"அன்னைக்கு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்ப்பா. எழுவத்திரண்டுலயே நின்னுபோச்சு. அந்த மலைக்குள்ள போனா ஜிபிஎஸ் பெட்டியில இருக்குற சிம்முக்கு டவர் கெடைக்காது, நம்ம போனுக்குத்தான் கெடைக்கும். மேட்டுல கடைசியா என்ன காட்டுச்சோ அதே நிக்கும். பெறகு சேலம் பக்கத்துல எறங்குனாத்தான் மாறும். வீரபத்திரண்ணன் எறங்கயில நாப்பதுலதான் வந்தாராம், பின்னாடி வந்த கார்க்காரன் சொன்னான்."

அவள் காபி டம்ளரை நீட்டினாள். முதலாளி எடுத்துக்கொண்டு, "ஒக்காருங்கக்கா, நீங்க எதுக்கு அலையுறீங்க" என்றார். அவள் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் ரிங்கிலேயே அவன் காலை எடுத்துவிட்டான். எப்போதும் போல அவள் பேச்சைக் கேட்டுவிட்டான். கேட்டுவிட்டுப் பைய வந்துகொண்டிருந்தவனைத்தான் அவள் கூப்பிட்டுக் கொன்றுபோட்டாள். இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, வேறு எப்படித் தோன்றும்? நியூட்ரலில் வந்தானா, கியரில் வந்தானா, போனை எடுக்காவிட்டால் அந்தக் கன்டெய்னரைப் பார்த்திருப்பானா என்று எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தாள். எப்படிப் புரட்டினாலும் நாலாவது ரிங்கில் வந்து முட்டியது.

கருமாதி முடிந்து எட்டாம் நாள் மாரீஸ்வரிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாத்தா சாடை என்று எல்லோரும் சொன்னார்கள். முருகலட்சுமி பிள்ளையைக் குளிப்பாட்டினாள், மகளுக்குப் பத்தியம் பார்த்தாள். வேலை நின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று ஓடிக்கொண்டே இருந்தாள். மகளும் சரியாக இல்லை. பச்சை உடம்புக்காரி சோற்றைத் தள்ளிவைத்தாள், பிள்ளை அழுதால் எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்பா போன துக்கம் என்றுதான் இவளும் நினைத்தாள்.

ஒருநாள் மத்தியானம், பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். கையில் வீரபத்திரனின் போன். அரிசி அளக்கப் போன இடத்தில் கிடைத்திருக்கிறது. அப்பா போட்டோ இருக்கும் என்று சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா, அப்பா கடைசியா ஒங்கிட்டயா பேசுனாக? பதினோரு செகண்டு இருக்கு. என்னம்மா சொன்னாக?"

இப்படி ஒருநாள் வரும் என்று எத்தனையோ பொய் யோசித்து வைத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. "வலி வந்திருச்சான்னு கேட்டாக" என்றாள்.

மாரீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என்னாலதான். எனக்குத் தெரியும்மா, எனக்கு அன்னைக்கே தெரியும். காலையில எங்கிட்டப் பேசயில, 'இடுப்பெல்லாம் வலிக்குதுப்பா, வெரசா வாங்கப்பா'ன்னு சொன்னேன். சும்மா செல்லத்துக்குச் சொன்னேம்மா! ஒரு வலியும் இல்லம்மா எனக்கு." சொல்லிக்கொண்டே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அதான் வெரசா வந்துருக்காக. நானே எங்கப்பாவக் கொன்னுட்டேன்."

முருகலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதமாக மகள் சோறு இறங்காமல் சுமந்துகொண்டு திரிந்தது இதைத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் பாரம் தன்னோடு போகும் என்று நினைத்திருந்தாள். அது மகள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஒன்னால இல்லடி. அழாத. நான் சொல்றதக் கேளு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ரிங் ஏற்பாட்டை, மூன்று ரிங் விட்டதை, நாலாவதைக் கட் பண்ணாததை, டவர் இல்லாமல் நின்றுபோன எண்ணை, அப்பா நாற்பதில் வந்ததை. "ஒஞ் சொல்லக் கேட்டு ஒங்கப்பா வெரசா வரல. எஞ் சொல்லக் கேட்டுப் பையத்தான் வந்தாக. நான்தான் அடிச்சேன். ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல."

மாரீஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அந்த முகத்தில் இவ்வளவு நாள் இருந்த வாட்டம் போய்விட்டது. அதற்காகத்தானே முருகலட்சுமி சொன்னாள்.

"பிள்ளையக் குடு" என்றாள் மாரீஸ்வரி.

"தூங்குதுடி, இப்பத்தான் கண்ணு அசந்துச்சு. மடியிலயே கெடக்கட்டும்."

"குடும்மா" என்று குனிந்து, தூங்குகிற பிள்ளையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.