என் அண்ணன் வைத்த பரிசோதனை

கொரோனா இரண்டாவது அலையில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சாதாரண ரத்தப் பரிசோதனைதான் செய்தார்கள். "ஆள் தெம்பாத்தான் தெரியுறாரு. ஆனா ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. நோய் முத்துது, இன்னைக்கே திண்டுக்கல் போயிடுங்க" என்றார் டாக்டர்.

நாங்கள் வந்த ஜீப் என் அண்ணனுடையது. கேரட் லோடு காத்திருக்கிறதென்று வண்டியை எங்கள் ஊர் மன்னவனூருக்கே திருப்பினார். "நல்லா நடக்குற ஆளுக்கு என்ன நோவு? ரத்தத்தை உறிஞ்சிட்டுப் பயங்காட்டுறானுங்க" என்று வழியெல்லாம் ஏசினார். நான் கத்தியது அவர் காதில் ஏறவேயில்லை.

தோட்டத்தில் இறங்கியதும், "மாப்ள, அந்த மூட்டையத் தூக்கு. தூக்கிட்டா உனக்கு ஒண்ணுமில்ல" என்றார். எங்கள் ஊரில் மூட்டை தூக்குகிறவன் நோயாளி இல்லை. என் கணவர் ரோஷக்காரர். தூக்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் மூட்டையோடு சாய்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் தன் வண்டியில் திண்டுக்கல் கொண்டுபோனார். ஆக்ஸிஜனில் கிடந்து பிழைத்தார் என் கணவர்.

இப்போது டீக்கடையில் அண்ணன், "நான்தான் வெரசா கொண்டுபோகச் சொன்னேன்" என்று பெருமையடிக்கிறார். அந்தப் பொய்யைக்கூட மன்னித்துவிடுவேன். அன்று அவர் ஓடிவந்து முதலில் நிமிர்த்தியது கேரட் மூட்டையை.