கண்ணாடிக் குழாயில் ஒரு பந்து

தொழிற்சாலைத் தொட்டிகளைக் கழுவும் அந்த இடத்தில் மேஸ்திரி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். 'அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?' என்று நச்சரிக்க அந்தச் சொல் வசதியாக இருந்தது. ஆட்கள் தொட்டிக்குள் இறங்கும் முன் உள்ளே விஷவாயு உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதேதான். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

நீண்ட ரப்பர் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்குவாள். கருவிக்குள் இருக்கும் பம்ப் காற்றை மேலே இழுக்கும். வந்த காற்று அப்படியே அளக்கும் இடத்துக்குப் போய்விட முடியாது. ஒரு குப்பியில் தன் ஈரத்தை விட்டுவிட்டு, பஞ்சு வடிகட்டியில் தூசியைக் கொடுத்துவிட்டு, சுத்தமாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். போகிற வேகத்தை ஒரு குட்டித் திருகை வைத்துச் சரி செய்வாள். பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் மிளகு அளவு பந்து ஒன்று எழும்பிச் சிவப்புக் கோட்டில் நிற்கும். நின்றால்தான் கருவி காட்டும் எண்ணை நம்பலாம். அதற்கு நாலு நிமிடம் ஆகும். அதற்குள் மேஸ்திரிக்கு நாற்பது தடவை பொறுமை போகும். காற்று வராவிட்டால் அலறுவதற்கென்று கருவியில் ஒரு மணி உண்டு. அது ஊமையாகி மூன்று வருடம். எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அன்று காலை நாலு பேர் பெல்ட் மாட்டித் தயாராக நின்றார்கள். ஐந்தாவதாக நிற்க வேண்டிய அவள் தம்பி தலைவலி என்று லீவு சொல்லியிருந்தான். கருவி பூஜ்யம் காட்டியது. மேஸ்திரி இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தாள். பந்து அடியில் படுத்துக் கிடந்தது.

"யாரும் எறங்காதீங்க," என்றாள்.

மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். அவள் வடிகட்டியைக் கழற்றினாள். தொட்டிகளை நீராவியால் கழுவிய ஈரமும் சேறும் ஏறி, பஞ்சு களிமண் உருண்டையாகியிருந்தது. கருவி எதையும் இழுக்காமலே பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. புதுப் பஞ்சு வைத்தாள், குப்பியைக் கொட்டினாள். பந்து எழும்பியது, எண்ணும் எழும்பியது. பத்தைத் தாண்டினாலே இறங்கக் கூடாது. அது நாற்பத்தைந்தில் போய் நின்றது.

நாலு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். மேஸ்திரி கும்பிடாத குறையாக நாலு உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்.

அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. பழைய பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் ஓரமெல்லாம் காய்ந்து இறுகியிருந்தது. ஒரே காலையில் இப்படி ஆகாது, நேற்றே அடைத்திருக்கிறது. நேற்றுக் கடைசித் தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டபோது பந்து எங்கே நின்றது? கால்வலி நினைவிருந்தது, பஸ்ஸுக்கு நேரமானது நினைவிருந்தது, பூஜ்யம் நினைவிருந்தது. பந்தைப் பார்த்த நினைவே இல்லை. அந்தத் தொட்டிக்குள் தனியாக இரண்டு மணி நேரம் வேலை செய்தவன் தம்பி.

மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாது, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வருடப் பேர் ஏன் கெட வேண்டும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது.

பிறகு சுவரோரமாக உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, தொட்டியில் வாயு இருந்தது என்று டாக்டரிடம் சொல் என்றாள். வெறும் தலைவலிக்கு எதற்கு என்று அவன் இழுத்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்ததைப் பேச்சுவாக்கில் சொன்னான்.

"நேத்து நான் பந்தப் பாக்கலடா."

அவன் திட்டவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"உள்ள ஒரு மாதிரி நெடி வந்துதுக்கா," என்றான் கடைசியில். "நீ பாத்திருப்பேன்னுதான் எறங்குனேன்."