வெள்ளவத்தைக் கடலில் மூன்று தட்டல்கள்

வவுனியாவிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கிறேன். மாலையில் அவள் என்னை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டி வருகிறாள். ரயில் தண்டவாளத்தைக் கடந்தால் மணல். மணலில் ஆறு கயாக் படகுகள். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு இன்று முதல் பயிற்சி.

இந்தக் கயாக் கழகத்தில் துடுப்புப் பிடிக்கும் முன்பே கவிழப் பழக்குகிறார்கள். தலைகீழாகத் தண்ணீருக்குள் போனதும் அடித்துப்பிடித்து வெளியே வரக்கூடாது. படகின் அடிப்பக்கத்தை மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். பதற்றம் அடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். என்ன அழகான பாடம்!

பயிற்சி கொடுக்கும் பாத்திமா, மகள் நிரப்பிய படிவத்தோடு என்னிடம் வருகிறாள்.

"அங்கிள், இவங்களுக்குச் சின்ன வயசுல மூச்சு இழுப்பு இருந்திருக்கே. தண்ணிக்குள்ள விட ஏலுமா?"

மகளும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

"இழுப்பு இருக்கேல்லை," என்கிறேன். "பள்ளிக்கூடத்தில நீச்சலுக்கு விடாமல் இருக்க நான் சொன்ன பொய். தண்ணிக்குப் பயம் எனக்குத்தான்."

மகள் என்னையே பார்க்கிறாள்.

"முப்பது வருசமா நான் மழையில கூட நனையேல்லை அப்பா."

படகில் ஏறுகிறாள். பாத்திமா இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் நிற்க, படகு புரள்கிறது. மகள் இருந்த இடத்தில் மஞ்சள் அடிப்பக்கம் மட்டும் தெரிகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு தட்டல். இரண்டு. மூன்றாவதை அவள் அவசரமில்லாமல், ஆறுதலாகத் தட்டுகிறாள்.

தலை மேலே வருகிறது.

"காணுமா அக்கா, போதுமா?" என்று பாத்திமா சிரிக்கிறாள்.

"காணாது," என்கிறாள் என் மகள். "இன்னொருக்கா."