அக்கா வீட்டுப் பீம்

தூக்குக்குண்டு என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் அந்தக் கொத்தனாரை நாலு பேருக்குத் தெரியும். அவன் எழுப்பிய சுவர் ஒரு நூல்கூடச் சாயாது. அப்பேர்ப்பட்டவன் சொந்த அக்கா வீட்டில் கோட்டை விட்டான்.

ஐந்து வருடம் முன்பு கூரை போடும்போது அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஹால் நடுவுல பீம் தொங்குனா பார்க்கவே சகிக்காதுடா. தளத்தோட மறைச்சிடு."

வரைபடத்தில் பீமின் அகலம் ஒன்பது அங்குலம், ஆழம் பதினெட்டு. அவன் அதை அப்படியே படுக்கப் போட்டான். அகலம் பதினெட்டு, ஆழம் ஒன்பது. அதே கம்பி, அதே கான்கிரீட், என்ன குறைந்துவிடப் போகிறது என்ற மிதப்பு. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு கட்டடத்தில், இன்ஜினியர் ஒருவர் இரண்டு செங்கல்மேல் மர ஸ்கேலைப் படுக்க வைத்து அழுத்தினார். வளைந்தது. செங்குத்தாகப் பிடித்து அழுத்தினார். அசையவே இல்லை.

"பீமைப் படுக்கப் போட்டா நாலு மடங்கு வளையும் மேஸ்திரி. தாங்குற பாரமும் பாதிக்குக் கீழ போயிடும்."

அக்கா வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பீமுக்கு அடியில் நூல் பிடித்து மட்டம் பார்த்தான். நடுவில் ஒரு விரல் அளவு தொய்வு. அடியில் மயிரிழை வெடிப்புகள். பிறகு அக்கா கேட்டபோது, "பூச்சு வெடிப்புதான்க்கா" என்று தானே பட்டி பூசி மறைத்தான். கோழைத்தனம்தான், வேறென்ன?

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். மகன் குடும்பத்துக்கு மாடியில் ஓர் அறை வேண்டுமாம், தம்பிதான் கட்ட வேண்டுமாம். புதுச் சுவர் நேராக அந்த பீம்மேல் உட்காரும். இனி வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லை.

இன்று காலையில், பீமுக்கு அண்டக் கொடுக்க ஆறு இரும்பு முட்டுகளோடு வந்து ஹாலில் நின்றான்.

"அக்கா, மேல சுவர் வேணாம். இந்த பீமே பத்தாது. நான் போட்டது தப்பு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எப்போ தெரியும்?"

"மூணு வருஷமா. உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான்…"



"போன வருஷம் உன் வீட்டைக் கட்டினியே. அங்க எப்படிப் போட்ட?"

நாலு திட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"தொங்கவிட்டுதான்க்கா. பதினெட்டு அங்குலம்."

அக்கா எழுந்தாள். அந்த பீமுக்கு நேர் கீழே, பேத்தியோடு தான் படுக்கும் மெத்தையைச் சுருட்டித் தூக்கினாள். வாங்கப் போனவனின் கையை ஒதுக்கிவிட்டு வெளியே நடந்தாள்.