பின்பக்கம் ஏற்றிய பாரம்

என் மனைவியின் அஸ்தியை வடக்கே ஓர் ஏரியில் கரைப்பதற்குக் கொண்டுசென்ற நாளில் வாகனத்தை ஓட்டியவன் நான். மகன்தான் ஓட்டியிருக்க வேண்டும். பிக்கப் அவனுடையது, அதன் பின்னால் கொளுவி இழுக்கும் டிரெயிலரும் அவனுடையது. கட்டிலும் அடுப்பும் உள்ள அந்தச் சிறிய வண்டிவீட்டை, தாயை ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கவைக்க வேண்டுமென்று முந்திய கோடையில் பழையதாக வாங்கியிருந்தான். அவள் அதில் ஒருமுறையும் ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் நெருங்கியபோது, அம்மாவை அதிலேயே கொண்டுபோவோம் என்றான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதமாக அவன் உறங்கியதாகத் தெரியவில்லை. ஆகவே சாவியை நான் வாங்கிக்கொண்டேன். வெறும் டிரெயிலரை இழுத்து ஓட்ட இரண்டு மூன்று தடவை பழகியிருந்தேன்.

கரைத்து முடிந்ததும் அங்கேயே சமைத்து, வருகிற உறவினருக்குச் சோறு கொடுப்பதென்று ஏற்பாடு. மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சாமான்களை ஏற்றுவித்தவர் மனைவியின் தமக்கை, என் மச்சாள். அஸ்திக் குடத்துக்கு அருகில் உணவுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எனவே குடம் முன்பக்கக் கட்டிலில், வெள்ளைத் துணி சுற்றித் தனியாக இருந்தது. அரிசி மூட்டைகள், தேங்காய்கள், பெரிய கிடாரம், தண்ணீர்க் கான்கள் யாவும் பின்சுவரோரம் அடுக்கப்பட்டன. பிக்கப்பின் பின்தட்டில் மகனின் கூரை வேலைச் சாமான்கள் நிறைந்து கிடந்ததால் அதில் இடமில்லை.

நான் முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன். பாரம் டிரெயிலரின் சில்லுகளுக்குப் பின்னால் போனால், அதைப் பிக்கப்போடு இணைக்கும் கொளுவியின் மீதுள்ள அழுத்தம் குறையும். அது குறைந்தால் இழுபடும் வண்டி தன்போக்கில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் விளக்கக்கூடிய விடயம். டிரெயிலரின் மூக்கு சற்றே நிமிர்ந்து நிற்பதையும் நான் கண்டேன். பேசவில்லை. சாவீட்டில் பெண்கள் வகுப்பதற்கு இணங்குவது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாய் திறந்தால் குரல் உடைந்துவிடும் என்று அஞ்சினேன்.

பிக்கப்பின் ஒரே நீள ஆசனத்தில் மூவரும் இருந்தோம்: நான், நடுவில் மகன், யன்னலோரம் மச்சாள். நகரத்தைத் தாண்டும்வரை ஸ்டியரிங்கில் சிறு துடிப்பு மட்டுமே இருந்தது. பிறகு நானூறாம் இலக்க நெடுஞ்சாலை, கறுப்பு மண் தோட்டங்கள் பரந்த தாழ்நிலத்தை நோக்கி நீண்ட சரிவாக இறங்கியது. திறந்த வெளியில் காற்றும் அடித்தது. அவ்வேளையில் ஒரு பெரிய பாரவண்டி எங்களை முந்தியது. முதலில் அதன் காற்று எங்களை வெளியே தள்ளியது. பிறகு தன்பக்கம் இழுத்தது.

டிரெயிலர் ஆடத் தொடங்கியது. ஒரு கணம் அதன் வெள்ளைச் சுவர் முழுவதும் இடப்பக்கக் கண்ணாடியில் நிறைந்தது; மறுகணம் வலப்பக்கத்தில். பிக்கப்பின் பின்பாகத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல இருந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. அது தணியாமல் ஏன் வளர்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு பயத்தைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. இன்னும் நான்கைந்து வீச்சில் டிரெயிலர் புரளும், எங்களையும் புரட்டும், குடமும் அதனுள் இருக்கிறது என்று கணக்கிட்டேன். என் கால் பிரேக்கை நோக்கிப் போனது.

“பிரேக் அடிக்காதேங்கோ அப்பா,” என்றான் மகன். “அடிச்சா டிரெயிலர் மடிஞ்சுபோம். காஸ் பெடலிலயிருந்து மட்டும் காலை எடுங்கோ. ஸ்டியரிங்கை நேர பிடியுங்கோ, திருப்பாதேங்கோ.”

சொல்லிக்கொண்டே என் முழங்காலுக்கு மேலாக எட்டி, டாஷ்போர்டின் கீழிருந்த சிறு நெம்புகோலை விரலால் தள்ளினான். அது டிரெயிலரின் பிரேக்கை மட்டும் இயக்குவது. பின்னாலிருந்து ஒரு கனத்த இழுப்பு வந்தது. நான் எதையும் செய்யாதிருந்தேன். ஸ்டியரிங் என் கைகளுக்குள் இடமும் வலமும் பறிபட முயன்றபோதும், திருப்பாமல் பிடித்திருந்தேன். மச்சாள் கண்களை மூடியிருந்தார். வீச்சுகள் மெல்ல மெல்லச் சிறுத்தன.

வீதியோரம் நிறுத்திய பிறகும் என் விரல்கள் விரியவில்லை. “கையை எடுங்கோ, நிண்டிட்டுது,” என்று அவன் சொல்ல வேண்டியிருந்தது.

டிரெயிலரின் கதவைத் திறந்தவர் மச்சாள். குடம் கட்டிலிலிருந்து வழுக்கி, சுவருக்கும் மெத்தைக்கும் இடையில் செருகிக் கிடந்தது. துணி விலகியிருந்தது. உடையவில்லை.

பாரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தாலொழிய இனி ஓட முடியாது என்றேன். பிறகு, “காலமை ஏத்தேக்கையே எனக்குத் தெரியும் மச்சாள். சொல்லேல்லை,” என்றேன்.

“தெரிஞ்சுகொண்டோ ஓடினனீங்கள்?” என்று கேட்டது மகன். 

மச்சாள் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்த ஒரு மாதமாகக் குடத்தை அவர் தொட்டதில்லை. அது இருந்த அறைக்குள் போய்வந்தால் முழுகுவார். இப்போது குனிந்து, இரு கைகளாலும் அதை வெளியே எடுத்தார்.

“அரிசியை முன்னுக்கு அடுக்குங்கோ மாஸ்டர். இவள் என்னோட வரட்டும்.”

மகனும் நானும் மூட்டைகளைச் சில்லுகளுக்கு முன்னால் இழுத்து வைத்தோம். டிரெயிலரின் மூக்கு தாழ்ந்தது. மச்சாள் குடத்தை மடியில் வைத்து யன்னலோரம் இருந்தார். புறப்படும்போது, எங்களுக்குக் கேட்கட்டும் என்றில்லாமல், “பயப்பிடாதை. உன்ர மனிசன் இனி மெள்ளத்தான் ஓடுவார்,” என்றார்.

எண்பதுக்கு மேல் நான் போகவில்லை. டிரெயிலர் பின்னர் அசையவுமில்லை. ஆயினும் கண்ணாடியில் பாரவண்டி ஒன்று நெருங்கும்போதெல்லாம் என் கால் காஸ் பெடலிலிருந்து தானாகவே உயர்ந்தது. மச்சாளும் குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஏரி தெரியும்வரை இப்படியே போனோம்.