ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா

1974-இல் எங்கள் மாமல்லபுரம் தபால் ஆபீசில் தந்தி பார்த்தவர் சாராள் அக்கா. பக்கத்து மேஜையில் நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கம்பிக்குள் காகிதம் நுழைந்து வருகிறது என்று நினைத்தவர்கள் அப்போது நிறையப் பேர். வந்ததெல்லாம் சத்தம்தான். சவுண்டர் என்ற பித்தளைக் கருவி 'கட், கட-கட்' என்று தட்டும். இரண்டு தட்டுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் புள்ளி, நீண்டால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்தால் ஓர் ஆங்கில எழுத்து. சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டுமென்று அக்கா அதன் பின்னால் ஒரு காலி பவுடர் டப்பாவைச் செருகியிருந்தார்.

அக்காவுக்கு அது பேச்சாகவே கேட்கும். செங்கல்பட்டில் தட்டுகிறவர் பார்த்தசாரதி. அவரை அக்கா கண்ணால் கண்டதில்லை. ஆனாலும், "இன்னைக்கு சாருக்கு ஜலதோஷம், கை இழுக்குது" என்பார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

தமிழ்ச் சேதியையும் ஆங்கில எழுத்தில்தான் அனுப்ப வேண்டும். அங்கேதான் வம்பு. எகரத்துக்கும் E, ஏகாரத்துக்கும் அதே E. மோர்ஸில் அதற்கு ஒரே ஒரு புள்ளி.

ஒரு நாள் மத்தியானம் தேவனேரியிலிருந்து தேசப்பன் என்ற மீனவன் ஓடிவந்தான். இடுப்பு வேட்டி ஈரமாக இருந்தது.

"யம்மா, என் பேருக்குத் தந்தி எதுனா வந்துகீதா? வூட்டுக்காரிக்கு வலி வந்துச்சாம். அப்போ நான் கடல்ல கீறேன். மச்சான்தான் செங்கல்பட்டுக்கு இட்டுகினு போயிருக்கான். சேதி அனுப்புறேன்னு சொன்னானாம்."

"உக்காருப்பா, வரும்."

அவன் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் சவுண்டர் தட்ட ஆரம்பித்தது. எழுதிக்கொண்டே போன அக்காவின் பென்சில் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். தேசப்பனுக்கு அவன் மச்சான் தனக்கோடி அடித்த தந்தி. VACHALA SETHACHU UDANE VA.

வச்சலா செத்தாச்சு, உடனே வா. செத்துட்டா என்றுதானே சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தந்தியில் வந்தாச்சு, போயாச்சு, செத்தாச்சு என்று எல்லாமே ஆச்சுதான்.

அக்கா தாளைக் கையால் மூடிக்கொண்டார். தனக்கோடி பேசுகிறபடியே எழுதுகிற ஆளாயிருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு என்பதைச் சேத்தாச்சு என்றுதான் எழுதியிருப்பான். அதுவும் SETHACHU-தான். அது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

"இன்னாம்மா, என்னுதா அது?"

"லைன்ல தகராறு. திரும்பக் கேக்கறேன், இருப்பா" என்று முகத்தை மாற்றாமல் சொல்லிவிட்டு, சேதி அனுப்புகிற கீயில் தட்டினார். தனக்கோடி தமிழில் எழுதிக் கொடுத்த தந்தி பாரம் செங்கல்பட்டில் இருக்கும். அதை எடுத்துப் பார்த்து, சகரத்துக்குப் போட்டிருப்பது ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்த்தசாரதி சொல்ல வேண்டும்.

பதில் வரவில்லை. வாசலில் செங்கல்பட்டு பஸ் ஹார்ன் அடித்தது.

"பஸ்ஸு கெளம்புதும்மா!"

"இரு."

"அத்தெ வுட்டா இனிமே சாயங்காலந்தான்!"

"இருன்னு சொல்றேன்ல!" அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எதைச் சொல்லி அவனைப் பஸ் ஏற்றிவிடுவது? பஸ் போய்விட்டது. அக்காவின் உதடுகள் ஜெபம் செய்துகொண்டிருந்தன.

சவுண்டர் பேசியது. ஒற்றை என்றால் O, மூன்று கோடுகள் இழுக்கும்; இரட்டை என்றால் I, இரண்டு புள்ளிகள். முதலில் விழுந்தது ஒரு புள்ளி. மீதி வருவதற்கு முன்பே அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இரட்டை.

"ஆஸ்பத்திரியில சே...த்தாச்சாம்ப்பா" என்று அந்தச் 'சே'யை ஆசை தீர இழுத்துச் சொன்னார். "உன்னை வரச் சொல்றாங்க."

"இதுக்கா இம்மா நேரம்? பஸ்ஸு பூட்ச்சேம்மா!" என்று கடுகடுத்துவிட்டு, லாரி ஏதாவது கிடைக்குமா என்று ரோட்டுக்கு ஓடினான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவோ மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

சில மாதம் கழித்து, கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"தந்தியம்மா யாரு, நீதானா? நல்லா வேல பாக்குற போ! அன்னிக்கு உன்னாலதான் எம் புருசன் பஸ்ஸ வுட்டுட்டு லாரி புட்ச்சி வந்து சேர்ந்தாரு. வர்றதுக்குள்ள புள்ள பொறந்துடுச்சு. வலியில பல்லக் கடிச்சிகினு அந்த ஆளுக்காகக் காத்துகினு கெடந்தேன், தெர்யுமா?"

வச்சலா! நான் விஷயத்தைச் சொல்லிவிட எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கண் அவளைவிட்டு அசையவில்லை.

"தப்புதாம்மா" என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."